முயலுக்குக் கட்டை வேண்டாம், கட்டுப் புல் போதும்

டிஸ்கி: நான் மாட்டு டாக்டரும் இல்லை, ஆட்டு டாக்டரும் இல்லை. இன்ஜினியரிங் படித்துக்கொண்டு, வீட்டில் இரண்டு முயல் வளர்க்கிற திருவொற்றியூர்வாசி. வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரிசையில் நின்று டாக்டர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டதும், தேடிப் படித்ததும்தான் கீழே இருப்பது. கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செல்லப்பிராணிக் கடைக்குப் போய் "முயலுக்குக் கடிக்க ஏதாவது இருக்காண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். கேரட் மாதிரி செதுக்கி ஆரஞ்சு சாயம் பூசிய மரக்கட்டை வரும். நடுவில் கம்பி கோத்த வண்ண வண்ணப் பகடைகள் வரும். தேனில் தானியத்தை ஒட்டிய குச்சி வரும். வட்டமாக ஒரு வெள்ளை உப்புக்கல் வரும். எல்லாவற்றின் அட்டையிலும் ஒரு பச்சை இலை படம், 'நேச்சுரல்' என்று ஒரு வார்த்தை. "இன்னா தம்பி யோசிக்கிற, இது கடிக்கலைன்னா முயலுக்குப் பல்லு வளந்து செத்துடும்பா" என்று கடைக்காரர் ஒரு பிட்டையும் சேர்த்துப் போடுவார். பயந்துபோய் 249 ரூபாய் கொடுத்து வாங்கி வருவோம்.

நான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று சாதிக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் விற்கிற முயலுக்குப் பல்லே நாலுதான். முன்னாடி தெரிகிற அந்த நாலைத் தவிர வாய்க்குள் வேறு எதுவும் இல்லை என்கிற மாதிரிதான் இந்த வியாபாரம் மொத்தமும் நடக்கிறது.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்னால் மேலே நாலு, கீழே ரெண்டு. (மேலே ரெண்டுதானே என்கிறீர்களா? அந்த ரெண்டுக்குப் பின்னால் ஆணி மாதிரி இன்னும் ரெண்டு குட்டிப் பற்கள் ஒளிந்துகொண்டிருக்கும். எலி, அணில் கூட்டத்திலிருந்து முயலைத் தனியாகப் பிரித்து வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் ஹாம்ஸ்டருக்கு விற்கிற சாமானை முயலுக்கும் தள்ளிவிடுவது உயிரியல்படியே தப்பு.) மீதி 22 பற்களும் உள்ளே, கன்னத்துப் பக்கம். நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முன்பல்லாகட்டும் கடைவாய்ப் பல்லாகட்டும், அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். தேயாமல் விட்டால் வருடத்துக்கு 10 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நம் கைவிரல் நீளம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை என்பது இந்த இடத்தோடு சரி. பல் வளரும். ஆனால் அதைத் தேய்ப்பது மரக்கட்டை இல்லை. கட்டையை முயல் முன்பல்லால்தான் செதுக்கும். கடைவாய்ப் பல்லுக்கும் கட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. கடைவாய் தேய வேண்டுமானால் கீழ்த்தாடை இடமும் வலமுமாக, அம்மியில் குழவி ஓடுகிற மாதிரி, மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். அப்படி அரைக்க வைக்கிற ஒரே சாப்பாடு நீளமான, நார் நிறைந்த புல். புல்லுக்குள் சிலிக்கா என்கிற மணல் சமாச்சாரம் இருக்கிறது. புல் அறுக்கும்போது விரலைக் கிழிக்குமே, அதற்கு ஒரு காரணம் அதுதான். அந்த நுண்மணல்தான் முயலுக்கு அரம். இது ஒரு நாள் முழுக்க நடக்கிற வேலை. கேரட் ஒரு நிமிடத்தில் காலியாகிவிடும். கடையில் விற்கிற உருண்டைத் தீவனத்தை நறுக் நறுக்கென்று மேலும் கீழுமாக நொறுக்கினால் போதும், பக்கவாட்டு அரைப்பு கிடையாது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 32 முயல்களை நாலு கூட்டமாகப் பிரித்து 17 மாதம் நாலு விதமாகச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உலர்புல் மட்டும், இன்னொரு கூட்டத்துக்குப் புல்லோடு உருண்டைத் தீவனம், மற்றொன்றுக்குப் புல்லோடு தானியக் கலவை, கடைசிக் கூட்டத்துக்குப் புல்லே இல்லாமல் தானியக் கலவை மட்டும். 2015ல் முடிவு வெளிவந்தது. தானியக் கலவை மட்டும் தின்ற முயல்களின் பற்கள்தான் நீளத்திலும் வளைவிலும் தப்பாகப் போயிருந்தன. நாலு கூட்டத்தைப் பிரித்தது சாப்பாடுதான், கட்டை இல்லை. நம் வீட்டு முயல்களில் பாதி எந்தக் கூட்டம் என்று நினைக்கிறீர்கள்? கேரட், கோஸ், மாரி பிஸ்கட், கடைத் தீவனம். நாலாவது கூட்டம்தான், இன்னும் கொஞ்சம் மோசமாக.

காலடிப்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எட்டாவது படிக்கிற பாப்பா ஒரு முயல் வளர்த்தாள். பேர் ஜீனி. கூண்டுக்குள் பார்த்தால் பொம்மைக் கடை மாதிரி இருக்கும், அத்தனை கட்டை, அத்தனை பகடை. "அக்கா, எங்க ஜீனி பல்லு எப்டி இருக்கு பாரு" என்று உதட்டைத் தூக்கிக் காட்டுவாள். முன்பல் முத்து மாதிரி சீராக இருக்கும். மூன்று வயதில் ஜீனி சாப்பிடுவதைக் குறைத்தது. மோவாய்க்குக் கீழே எப்போதும் ஈரம். எச்சில். 'வெயிலுக்கு' என்று விட்டுவிட்டார்கள். வேப்பேரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் சின்ன லைட் வைத்து உள்ளே பார்த்தார். கடைவாய்ப் பற்களின் ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்து நாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது. மயக்கம் கொடுத்து அந்த முள்ளைத் தேய்த்துவிட்டார்கள். ஆனால் பல நாள் பட்டினியில் குடல் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. ஜீனி வீடு திரும்பவில்லை. அந்தக் குழந்தை என்னிடம் கேட்டது இதுதான்: "நான்தான் அவ்ளோ கட்டை வாங்கிக் குடுத்தேனேக்கா?"

அதற்குப் பிறகுதான் இந்த 'நேச்சுரல்' அட்டையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டை விற்றதற்காக இல்லை. கட்டை இருந்தால் பல்லுக்குக் கவலை இல்லை என்று விற்றதற்காக.

சரி, அப்படியானால் முயலுக்குக் கடிக்க எதுவுமே கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கொடுக்க வேண்டும். தாராளமாகக் கொடுக்க வேண்டும். ஆனால் எதற்கென்று தெரிந்து கொடுக்க வேண்டும். கடிப்பது முயலுக்குப் பொழுதுபோக்கு, வேலை, ஆராய்ச்சி எல்லாம். நாள் முழுக்க மேய்ந்து, தோண்டி, ஓடுகிற பிராணியை ரெண்டடிக்கு ஒன்றரையடி கம்பிக் கூண்டில் பூட்டினால் அது கம்பியைத்தான் கடிக்கும். "பல்லு அரிக்குது, அதான் கடிக்குது" என்று விளக்கம் வேறு. அரிப்பும் இல்லை சொரிப்பும் இல்லை மக்களே, போரடிக்கிறது. கூண்டைத் திறந்துவிட்டால் கம்பி கடிப்பது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். செருப்பைக் கடிக்க ஆரம்பிக்கும், அது வேறு பிரச்சினை :)

இப்போது அந்த அட்டைகளில் இருக்கிற சாமான்களுக்கு வருவோம். ஆரஞ்சு கேரட் கட்டை: என்ன மரம், என்ன சாயம், என்ன பசை என்று எந்த அட்டையிலாவது போட்டிருக்கிறதா பாருங்கள். நான் பார்த்தவரை இல்லை. முயலுக்கு வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது போனதுதான், குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். தேன் குச்சி: சர்க்கரையும் தானியமும். நுண்ணுயிரை நம்பி ஓடுகிற முயல் குடலுக்கு இது வம்பு. உப்புக்கல்: இது உச்சகட்ட காமெடி. முயல் உடம்பு சாப்பாட்டில் இருக்கிற கால்சியத்தைக் கணக்கு வழக்கில்லாமல் உறிஞ்சி, வேண்டாததை மூத்திரத்தில் தள்ளுகிற உடம்பு. மூத்திரம் வெள்ளையாகக் காய்ந்து தரையில் படிவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். ஒழுங்காகப் புல்லும் கீரையும் தின்கிற முயலுக்கு மேற்கொண்டு உப்பும் சுண்ணாம்பும் தேவையே இல்லை.

"அதான் நாங்க கடையில வாங்கறதே இல்ல, சும்மாவே கிடைக்குது" என்கிற இரண்டாவது கோஷ்டிக்கு வருகிறேன். எங்கள் ஏரியாக்காரர்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகமும் கன்டெய்னர் யார்டும் இருக்கிற பகுதியில், பேலட் கட்டைக்குப் பஞ்சமே இல்லை. இறக்குமதிச் சரக்கு எந்த மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்து வருகிறதோ அதுதான் பேலட். உடைந்தவை விறகாகும், கட்டிலாகும், கோழிக்கூண்டாகும், கடைசியில் முயல் கூண்டாகவும் முயல் கடிக்கிற கட்டையாகவும் ஆகும். "சுத்தமான பைன் மரம், ஃபாரின் மரம்" என்று பெருமை வேறு.

அந்தக் கட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு முத்திரை சுட்டிருக்கும். ஒரு கதிர் படம், நாட்டின் குறியீடு, எண்கள், பிறகு இரண்டு ஆங்கில எழுத்துகள். மரத்தோடு சேர்ந்து பூச்சியும் புழுவும் நாடு விட்டு நாடு போகாமல் இருக்க 2002ல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்கிற சர்வதேச விதியின் முத்திரை அது. எழுத்து 'ஹெச்.டி.' என்றிருந்தால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவில் புகை போட்டது. இந்த வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் மற்ற உபயோகங்களை ஒழித்துக்கட்டினார்கள். துறைமுகத் தடுப்பு வேலைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். யார்டில் வேலை பார்க்கிற அப்பா, அண்ணன் யாராவது இருந்தால் கேளுங்கள், 'பியூமிகேஷன்' என்று பலகை மாட்டிய கன்டெய்னர் பக்கத்தில் போகாதே என்று அவர்களே சொல்வார்கள்.

உடனே விவரமான ஒருவர் வருவார். "வாயு பறந்து போயிடும், ஹெச்.டி. கட்டைன்னா அதுவும் இல்ல, அப்புறம் என்ன?" நியாயமான கேள்விதான். வாயு பெரும்பாலும் போய்விடும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஹெச்.டி. கட்டை நல்லதுதான் என்றும் ஒப்புக்கொள்கிறேன், அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்புகிற அன்றைக்கு. அதற்குப் பிறகு அதன் மேல் என்ன உட்கார்ந்தது? உர மூட்டையா, பூச்சிமருந்து டின்னா, பேட்டரியா, ஆயில் டிரம்மா? எது ஒழுகியது? அந்த முத்திரை மரத்துக்குள் பூச்சி உயிரோடு இல்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. மரத்தின் மேல் என்ன கொட்டியது என்பதற்கு இல்லை. மரம் பஞ்சு மாதிரி உறிஞ்சும். யார்டு தரையின் எண்ணெயும் மழைத்தண்ணியும் சேர்ந்து ஊறிய கட்டையை, ரெண்டு கிலோகூட எடை இல்லாத பிராணி நாள் முழுக்கச் சுரண்டி விழுங்கப்போகிறது. கட்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அலமாரி செய்யுங்கள். முயல் வாய்க்கு வேண்டாம். பிளைவுட் துண்டும் தச்சுப்பட்டறைத் தூளும் அதே கதைதான், பசையும் பாலிஷும் கலந்தது.

மூன்றாவது கோஷ்டி இன்னும் நல்லவர்கள். "கட்டையெல்லாம் எதுக்கு, தெருவோரம் புல்லு இருக்கே, செடி இருக்கே" என்று சாயங்காலம் போய்ப் பறித்துக்கொண்டு வருவார்கள். இவர்களோடுதான் எனக்கு மனசு ஒன்றுகிறது, இவர்களை நினைத்துத்தான் பயமாகவும் இருக்கிறது. ஏனென்றால் நாம் இருப்பது வடசென்னை. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துப் புல்லை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள், கறுப்பாக ஒட்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோடு அது. கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. 2017 ஜனவரி 28ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், நம் கடற்கரைப் பாறைகளில் ஆட்கள் வாளியால் எண்ணெயை அள்ளியதும் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. முகத்துவாரம், படகு, வலை, எர்ணாவூர் வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அப்பியது. அந்த மண்ணில் முளைத்த புல்லுக்கும் 'நேச்சுரல்' என்றுதான் பேர். நம் ஆட்களின் நுரையீரலைப் பற்றியே கேட்க நாதியில்லாதபோது முயலா என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே காற்றைத்தான் மூச்சு வாங்குகிறது. தன் வீட்டு முயலுக்கு ஒரு பிடி புல் பறிக்க நம்பிக்கையான ஓர் இடம்கூடத் தெருவில் இல்லை என்பதைக் கவனித்த பிறகாவது ஊரைப் பற்றிக் கோபம் வந்தால் சரிதான்.

சாலை நடுவில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்களே, ரோஸ் கலரில் பூக்கிற அரளி, அது இன்னொரு ஆபத்து. இலை, பூ, குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்குகிற விஷம். நேரான குச்சி, வழவழவென்று இருக்கும், கடிக்கக் கொடுக்கத் தோதாகத் தெரியும். தொடவே தொடாதீர்கள். எருக்கு, உண்ணிச்செடி, ஆமணக்கும் இதே ஜாதிதான். அப்புறம் 'ஆடு தின்னுது, முயல் தின்னாதா' என்கிற தர்க்கம். ராயபுரம் சந்துகளில் ஆட்டுக்குப் போடுகிற தழைக்கட்டில் சவுண்டல் இருக்கும், அதாவது சூபாபுல். அதில் மைமோசின் என்று ஒரு சரக்கு. ஆட்டின் இரைப்பையில் அதை உடைக்கிற கிருமிகள் வாழ முடியும். முயலுக்கு அந்த வசதி இல்லை, தொடர்ந்து தின்றால் முடி கொட்டும். ஆட்டுக்கு நாலு அறை இரைப்பை, முயலுக்கு ஒன்றுதான். அறையை எண்ணிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இதுவும் வேண்டாம் அதுவும் வேண்டாம் என்றால் வேறென்ன என்று கேட்கிறவர்களுக்கு: கோயில் வாசலுக்குப் போங்கள்! நிஜமாகத்தான் சொல்கிறேன். பிள்ளையாருக்கு அருகம்புல் விற்கிறார்களே, அந்தப் புல்லை வெளிநாட்டுக்காரன் 'பெர்முடா' என்று பேர் வைத்து, காயவைத்து, குதிரைக்கும் முயலுக்கும் மூட்டை மூட்டையாகப் போடுகிறான். நம் ஆட்கள் அதே வேலையைச் செய்கிற டிமோதிப் புல்லை ஆன்லைனில் வரவழைத்து, விலையைப் பார்த்து மயங்கி, அதனால் பத்துப் பதினைந்து இழைகளை மட்டும் 'ட்ரீட்' மாதிரி கொடுக்கிறார்கள். டிமோதி குளிர்ப்பிரதேசப் புல், நம் சமவெளி வெக்கைக்கு விளையாது, விலை அப்படித்தான் இருக்கும். முயலுக்கு அதன் உடம்பு அளவு புல் குவியலாகத் தினமும் வேண்டும். கட்டுப்படியாகிற புல்தான் நல்ல புல். விற்கிற அம்மாவிடம் "எங்கருந்து வருதும்மா?" என்று கேளுங்கள். தெரிந்த வயல், தெரிந்த தோட்டம் என்றால் வாங்குங்கள். அலசி, தண்ணீர் வடித்து, நிழலில் விரித்து வையுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் ஜாக்கிரதை, புழுங்கிப் பூஞ்சை பிடித்த புல்லைப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். மாடியில் நாலு தொட்டியில் அருகம்புல் நட்டால் அதுபாட்டுக்குப் படரும். எங்கள் வீட்டில் தண்ணி டேங்க் பக்கத்தில் நிற்கிறது. அது மட்டும் பத்தாது, ஆனால் எந்த மண்ணில் முளைத்தது என்று சந்தேகமே வேண்டாம்.

அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்க விற்கிற அகத்திக்கீரைக் கட்டும் சரி. இலையும் தின்னும், குச்சியை உரித்து உரித்து விளையாடும். வயசான முயலுக்குக் கால்சியம் கூடாமல் இருக்க வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். நம் விவசாயத்துறைத் தமிழில் ஒரு தீவனப் பயிருக்கு 'முயல் மசால்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். வேலி மசால், குதிரை மசால், முயல் மசால் என்று தீவனங்களுக்கு இப்படி அழகான பேர்கள் உண்டு. முயலுக்கு என்ன போடுவது என்ற அறிவு நம் ஊரில் இல்லாமல் இல்லை. கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வருடக்கணக்காக முயல் வளர்க்கிறார்கள். கால்நடைப் பல்கலைக்கழகத் தலைமையகம் நமக்குப் பக்கத்தில் மாதவரம் பால்பண்ணையில்தான் இருக்கிறது. அந்த அறிவு செல்லப்பிராணிக் கடை வாசல்வரை வரவில்லை, அவ்வளவுதான். 1985ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் காலத்திலிருந்து இன்றைய கொளத்தூர்க் கடைகள் வரை முயல்குட்டி விற்கிற ஊர் இது. 2018ல் வந்த மத்திய அரசு விதிகள்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்களுக்குக் குட்டி விற்ற கடையில் அந்தச் சான்றிதழ் மாட்டியிருந்ததா, யோசித்துப் பாருங்கள்.

கடித்து விளையாடத் தனியாக வேண்டுமென்றால் பனை ஓலையைவிட நல்ல பொம்மை எனக்குத் தெரியாது. மாநில மரம், நம் கடற்கரைப் பக்கமே நிற்கிறது. காய்ந்த ஓலையில் ஒரு பந்து முடைந்து, உள்ளே நாலு புல் திணித்து உருட்டிவிடுங்கள். அதைப் பிரித்து எடுக்க என் முயல்கள் அரைமணி நேரம் மல்லுக்கட்டும். ஓலைக் கொட்டானையே கவிழ்த்து வைத்தாலும் சரி, சாயம் போட்டதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொய்யாக் குச்சி, முசுக்கொட்டைக் குச்சி, செம்பருத்திக் குச்சி, மருந்தடிக்காத வீட்டு மரத்தில் ஒடித்தது என்றால் இலையோடு கொடுக்கலாம். பூக்கடை ரோஜாக் காம்பு கூடாது, அது மருந்தில் குளித்து வந்தது. முருங்கைக்கீரை கொஞ்சம் கொடுக்கலாம், பட்டையும் வேரும் வேண்டாம். வேப்பங்குச்சி மனுசன் பல் விளக்க, நான் முயலுக்குக் கொடுப்பதில்லை. பீச்சில் சுட்ட சோளம் விற்கிறவர் உரித்துப் போடுகிற பச்சை மடலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார். ஆனால் சோளக் கட்டை மட்டும் கூடவே கூடாது, துண்டாகி உள்ளே போனால் குடலை அடைத்துவிடும். அச்சடிக்காத பழுப்பு அட்டைப்பெட்டி, டேப்பும் பின்னும் பிடுங்கியது, கிழித்து விளையாட அருமை. காசிமேட்டு மீன் கூடை மூங்கில்தானே என்று ஒரு நண்பன் கேட்டான். முயல் முகர்ந்து பார்த்துவிட்டு அவனையே ஒரு மாதிரி பார்த்திருக்கும்.

கவனித்தீர்களா, இதில் காசு கொடுத்து வாங்குவது புல் மட்டும்தான். அதனால்தான் இதை யாரும் அட்டையில் அடைத்து விளம்பரம் செய்வதில்லை. ஒருநாள் எங்கள் ஏரியாக் கடைக்காரர் ஒருவரிடம் இதையே கேட்டேன், நீங்கள் ஏன் புல் விற்பதில்லை என்று. "புல்லு வாடிப்பூடும் கண்ணு, கட்டை வாடாது" என்றார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, வாடகை கட்ட வேண்டியவர். ஆனால் 'இது கடித்தால் பல் தேயும்' என்ற பொய்யை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தேன் குச்சியை எடுத்து நீட்டினார்.

முயல் வைத்திருக்கிறவர்கள் முன்பல்லைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மோவாய் நனைந்திருக்கிறதா, கண்ணில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வடிகிறதா, பிடித்த கீரையை ஆசையாகக் கவ்வி அப்படியே கீழே போடுகிறதா, புழுக்கை சிறுத்துப் போயிருக்கிறதா, இதைப் பாருங்கள். காலையில் போட்ட புல் மத்தியானமும் தொடாமல் கிடந்து, புழுக்கையும் விழவில்லை என்றால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தூங்கப் போய்விடாதீர்கள். அரை நாள் குடல் ஓடாமல் நின்றாலே முயலுக்கு ஆபத்து. வேப்பேரிக்குக் கிளம்புங்கள். முயல் பார்த்துப் பழகிய டாக்டர் யார் என்று கேட்டு, அவரிடமே காட்டுங்கள், "கடைவாயை உள்ளே பாருங்க சார்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடையில் ஒரு பிடி அருகம்புல்லும் போட்டு எடுத்துப் போங்கள், வரிசை நீளமாக இருக்கும்.